ஞாயிறு பூசை முடிந்தது, திங்கட்கிழமை என்ன செய்வது?

மதுரையில் எங்கள் பங்கில் பல வருடங்களாகப் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பில் உதவிக்கொண்டிருக்கிறேன். ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்கள், கல்யாணமாகிக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், ராமநாதபுரம் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ பிறந்து வளர்ந்து வேலைக்காக மதுரைக்கு வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் என்று மூன்று வகை ஆட்கள் வருவார்கள். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிடறோம், அப்புறம் என்ன பண்றது டீச்சர்?" அவர்களுக்கு நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அப்படி ஆரம்பித்தவர்கள் இரண்டாவது வாரமே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பங்கில் பேர் கொடுங்கள்

டவுன் ஹால் ரோடு ஜெபமாலை அன்னை கோவில் உங்களுக்குப் பிடிக்கலாம், கீழவெளி வீதிப் பேராலயத்தில் உட்கார்ந்தால் மனசு அடங்கலாம், போய் செபித்துவிட்டு வாருங்கள். ஆனால் நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தக் கோவிலின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. பேரை அங்கேதான் பதிய வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைச் (நாம் சாமி என்போம்) சுற்றிக் கூட்டமாக இருக்கும், அப்போது போய் நின்றால் இரண்டு வார்த்தை பேச முடியாது. வாரநாளில் பூசை முடிந்த பிறகு போங்கள், அல்லது பங்கு அலுவலகம் எப்போது திறந்திருக்கும் என்று மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரிடமோ கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். திருமுழுக்குச் சான்றிதழ், கல்யாணமானவர்கள் என்றால் திருமணச் சான்றிதழ், பழைய பங்கிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் அதுவும் கையில் இருக்கட்டும். குடும்ப அட்டை போட்டுத் தருவார்கள், சந்தா எவ்வளவு என்று சொல்வார்கள். கட்ட முடியாத நிலைமை என்றால் அதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

'இது வெறும் காகித வேலைதானே' என்று இளவட்டங்கள் தள்ளிப்போடுகிறார்கள். நாளைக்குப் பிள்ளைக்குத் திருமுழுக்கு கொடுக்கணும், கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும் (கோவிலில் அறிவிக்கணும்), வீட்டில் ஒரு இறப்பு என்றால் அடக்கப் பூசை வைக்கணும், அப்போதெல்லாம் சாமிக்கு உங்களை யாரென்றே தெரியாமல் இருந்தால் உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.

அன்பியத்தைக் கண்டுபிடியுங்கள்

பேர் கொடுக்கும்போதே 'எங்க தெரு எந்த அன்பியம்?' என்று கேளுங்கள். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு. பங்கை இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பேரோ மாதா பேரோ வைத்திருப்பார்கள். வாரம் ஒரு தடவையோ மாதம் இரண்டு தடவையோ யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வீடு சின்னது என்றால் தெருவிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவார்கள். ஒரு பாட்டு, நற்செய்தியில் ஒரு பகுதியை இரண்டு மூன்று தடவை நிறுத்தி வாசிப்பது, மனதில் பட்ட ஒரு வார்த்தையை அவரவர் அப்படியே திருப்பிச் சொல்வது, கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் மன்றாட்டு, கடைசியில் டீயும் சுண்டலும். பிரசங்கம் செய்யச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. வாசித்ததில் ஒரே ஒரு சொல்லை, 'பயப்படாதே' என்று, அவ்வளவு மட்டும் சொன்னாலே போதும்.

நான் இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், தனியாக விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வது ரொம்பக் கஷ்டம். எங்கள் அன்பியத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பிக்கு டெங்கு வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அம்மா அப்பா சாயல்குடியில் இருந்தார்கள். அவர்கள் பஸ் பிடித்து வந்து சேரும்வரை மூன்று வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான்காவது வீட்டிலிருந்து கஞ்சி போனது. அதற்கு முன் அந்தத் தம்பி இரண்டே இரண்டு கூட்டத்துக்குத்தான் வந்திருந்தான்.

செபத்தை ஏற்கெனவே செய்யும் வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்

'செபிக்க நேரமே இல்லை' என்பது எல்லாரும் சொல்வது, பொய்யும் இல்லை. காலையில் தண்ணீர் பிடிக்கணும், பிள்ளைக்கு டிபன் கட்டணும், எட்டு மணி ஷிப்ட். அதனால் தனியாக நேரம் தேடாதீர்கள். எங்கள் அப்பத்தா இடைக்காட்டூர் பக்கத்து ஊர்க்காரர். ஐந்தாவதுவரைகூடப் படிக்கவில்லை. உலை கொதித்ததும் களைந்த அரிசியைக் கையில் அள்ளி, பானைக்கு மேலே சிலுவை அடையாளம் போட்டு, "அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரு வரியை மட்டும் முணுமுணுத்துவிட்டு அரிசியைப் போடுவார். ஒரு நாள் தவறியதில்லை. அரிசியை அளக்கும்போது முதல் பிடியை எடுத்துத் தனியாக ஒரு மண்கலயத்தில் போட்டு வைப்பார், மாதக் கடைசியில் அது கோவில் வழியாக இல்லாத வீட்டுக்குப் போகும், பிடி அரிசி என்று பேர். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல செபமுறை கிடையாது: சோறு பொங்குகிற அதே நேரத்தில் கடவுளும் ஞாபகத்துக்கு வருகிறார், பசித்தவரும் ஞாபகத்துக்கு வருகிறார். இன்று குக்கரில் வைத்தாலும் இதைச் செய்யலாம், நான் செய்கிறேன்.

இதே மாதிரி நாளில் நாலு இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன் சிலுவை அடையாளம், 'ஆண்டவரே, இந்த நாளில் செய்வதையும் படுவதையும் உமக்கே தருகிறேன்' என்று ஒரு வாக்கியம். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோவில் மணி அடித்தால் மூவேளை செபம், "ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்" என்று தொடங்குவது. இரண்டே நிமிடம்தான், ஆபீசில் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். மணிச்சத்தம் கேட்காத இடம் என்றால் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் செபமாலையில் பத்து மணிகளையாவது உருட்டிச் சொல்லி முடித்துவிடலாம். முழு செபமாலைக்கு இருபது நிமிடம் ஆகும். அதைச் சொல்லும்போது நினைத்துப் பார்க்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மறையுண்மைகள் என்று பேர்: திங்களும் சனியும் மகிழ் மறையுண்மைகள், செவ்வாயும் வெள்ளியும் துயர், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழக்கிழமை ஒளி. இந்த ஒளி மறையுண்மைகள் 2002இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை சேர்த்தவை, அதனால் வீட்டிலிருக்கும் பழைய செபப்புத்தகத்தில் இருக்காது.

இரவில் படுக்கும்முன் குடும்பமாக ஐந்து நிமிடம். டிவியை அணைக்கச் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி, மற்றது தானாக நடக்கும். வேதாகமம் வாசிக்க ஆரம்பிப்பவர்கள் தொடக்கநூலில் தொடங்கி லேவியர் ஆகமத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் ஆரம்பியுங்கள், 16 அதிகாரம்தான், நாலில் சிறியது. கடையில் கேட்கும்போது 1995இல் வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு என்று கேட்டு வாங்குங்கள், பூசையில் கேட்கும் தமிழுக்கு அது பக்கமாக இருக்கும்.

சொற்கள் குழப்பினால்

புதிதாக வந்தவர்களுக்கு இது நிஜமான தொந்தரவு. வயதானவர்கள் பூசை என்பார்கள், அறிவிப்பில் திருப்பலி என்று வரும், இரண்டும் ஒன்றுதான். ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்று. பாவசங்கீர்த்தனம்தான் ஒப்புரவு அருட்சாதனம், நம் பாவங்களைச் சாமியிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. 'நன்மை வாங்கினியா?' என்று ஒரு பாட்டி கேட்டால் நற்கருணை வாங்கினாயா என்று அர்த்தம், புதுநன்மை என்றால் முதல் நற்கருணை. சர்வேசுரன் என்று யாராவது சொன்னால் அது கடவுள். 1606இல் இந்த மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்டு தமிழ் படித்த நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைச் சாமி புழங்கிய சொல் அது. நானூறு வருடமாக இந்த ஊர் வாயில் கிடக்கிறது. ஆகவே பாட்டிகளைத் திருத்த வேண்டாம், கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பூசைக்குப் போகும்போது

சனிக்கிழமை இரவே மறுநாள் வாசகங்களை ஒரு தடவை படித்துவிட்டால், மைக் சரியில்லாத நாளிலும் ஒன்றும் நழுவாது. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. ஞாயிறு டூட்டி என்றால் சனி மாலைப் பூசைக்குப் போனாலும் ஞாயிறு கடன் தீரும். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்து அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்றால், வராததற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அன்று அவருக்கு ஊட்டிவிடும் கஞ்சியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். திருமுழுக்கு பெறாத கணவரோ மனைவியோ கூட வரலாம், எல்லாவற்றிலும் எழுந்து உட்காரலாம், பாடலாம், நன்மை வாங்கும் நேரத்தில் மட்டும் இருக்கையிலேயே இருந்தால் போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

பாவசங்கீர்த்தனம்

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், நானும் பயந்திருக்கிறேன். ஒரு குடும்பச் சண்டைக்குப் பிறகு ஏழு வருடம் அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமே போகாமல் இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முன்பின் தெரியாத ஒரு சாமியிடம் போய் முழங்கால் போட்டேன். மரத்தட்டியில் வட்ட வட்டமாகத் துளைகள், அந்தப் பக்கம் ஒரு சின்ன மேசை விசிறி ஓடும் சத்தம். வாய் வரவேயில்லை. "எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார். "ஏழு வருசம் சாமி" என்றேன். "சரி, வந்துட்டீங்கள்ல" என்றார். அதன் பிறகு எல்லாம் வந்துவிட்டது.

செய்யவேண்டியது இதுதான். முந்தின நாள் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து ஆன்ம சோதனை செய்யுங்கள், பத்துக் கட்டளையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம், தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தப்பில்லை, முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். செய்ததற்காக வருந்துங்கள், இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானியுங்கள். உள்ளே போனதும் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று சொல்லி, பாவங்களைச் சுருக்கமாக, நேராகச் சொல்லுங்கள். மாமியார் என்ன செய்தார் என்ற கதை அங்கே வேண்டாம், நாம் என்ன செய்தோம் என்பது மட்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் 'சாமி, எனக்குத் தெரியாது, உதவி பண்ணுங்க' என்று சொல்லிவிடலாம். கொடுக்கும் பரிகாரத்தை அன்றே முடித்துவிடுங்கள். அங்கே கேட்டதைச் சாமியார் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல முடியாது, திருச்சபைச் சட்டம் அதில் துளியும் இடம் கொடுப்பதில்லை. சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது போயே ஆக வேண்டும். என் அனுபவத்தில் மாதம் ஒரு தடவை போவது சுலபம், வருடம் ஒரு தடவை போவதுதான் கஷ்டம்.

பணம், கூலி, சாதி

இந்தப் பகுதியைத்தான் கூடுதலாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். செபமாலை நன்றாகச் சொல்கிற வீடுகளிலேயே இங்கேதான் இடறுகிறோம்.

மூன்று வருடம் முன்பு, ஒரு மாதத்தின் முதல் வெள்ளி. ஆறு மணி நற்கருணை ஆராதனைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "மாசம் பொறந்து மூணு நாளாச்சு டீச்சர்" என்றார். ஏடிஎம் போகணும், நாளைக்குத் தரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோவிலில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே நற்கருணையை வைத்திருக்கும் கதிர்ப்பாத்திரம் தெரிகிறது, எல்லாரும் பாடுகிறார்கள், எனக்கு அந்த ஈரக் கைதான் தெரிந்தது. கூலிக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆசீருக்குக் காத்திராமல் எழுந்து வெளியே வந்து, பணம் எடுத்து, அவர் வீட்டைத் தேடிப் போனேன். மகளுக்கு டியூஷன் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாளாம். அன்றிலிருந்து ஒன்றாம் தேதி காலையில் முதல் வேலையாக அந்தக் கவரை எடுத்துவைக்கிறேன். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரர் மனத்தாங்கல் ஞாபகம் வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது எவ்வளவு நேரான அறிவுரை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே பழகவேண்டியவை: கூலியை அன்றன்றோ ஒன்றாம் தேதியோ கொடுத்துவிடுவது. கஷ்டத்தில் கைமாற்று கேட்டு வந்தவரிடம் மீட்டர் வட்டி, கந்துவட்டி கணக்குப் போடாமல் இருப்பது. பையனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது 'எவ்வளவு போடுவீங்க?' என்று நாமும் கேட்காமல், சொந்தக்காரர்களையும் கேட்கவிடாமல் இருப்பது, இதில் அத்தைமார்களோடு சண்டை வரும், வரட்டும்.

அப்புறம் சாதி. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்பதை நம் ஊரில் குசலம் விசாரிப்பது போலக் கேட்கிறார்கள், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்களும் கேட்கிறார்கள். தனிக் கல்லறை, தேர் எந்தத் தெருவுக்குள் போகும் எந்தத் தெருவுக்குள் போகாது என்ற சண்டை, இவையெல்லாம் நம் கிறிஸ்தவ ஊர்களிலும் நடந்தவை, இன்னும் முழுசாக ஒழிந்துபோகவில்லை. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து அதிர்ந்துபோவீர்கள், அதிர வேண்டும்தான். திருமுழுக்குத் தண்ணீர் தலையில் பட்டவர்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை நம் வீட்டு வாசலில் செய்து காட்டுவது நம் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால் 'கிறிஸ்தவங்க' என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்பியத்தில் எல்லார் வீட்டுக் காபியையும் குடியுங்கள்.

விசுவாசம் வீட்டுக்குள் வந்தால் சும்மா இருக்காது என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்கு பெற்றபோது ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதாக முடிவெடுத்து மற்ற மனைவியரை விலக்கிவிட்டார், அதில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதிக்கு உறவு, அந்தக் கோபம்தான் திருமுழுக்குக்கு அவரைத் தயாரித்த, போர்ச்சுகலிலிருந்து வந்த அருளானந்தர் சாமி தலையில் விழுந்தது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள்.

அக்கம்பக்கம், சொந்தபந்தம்

திருமுழுக்கு பெற்ற பிறகு அம்மா வீட்டுப் பொங்கலைச் சாப்பிடலாமா, சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பெரியப்பாவை எப்படிக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உறவை அறுக்காதீர்கள். காதுகுத்துக்குப் போங்கள், மொய் எழுதுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே நடக்கும் அவர்கள் வழிபாட்டில் மட்டும் கலந்துகொள்ளாமல் தள்ளி நின்றால் போதும், அதையும் முகத்தைச் சுளிக்காமல் செய்யுங்கள். படைத்த உணவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 8 முதல் 10 வரை வாசித்துவிட்டு உங்கள் சாமியிடம் பேசுங்கள். மற்ற மதங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. தைப்பொங்கலுக்கு நம் கோவில் வளாகத்திலேயே பானை வைக்கிறோம்.

தவக்காலத்தில் தொடங்கலாம்

எப்போது ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்குத் தவக்காலம் நல்ல வாசல், ஊரே சேர்ந்து செய்வதால் சுலபமாக இருக்கும். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்கள் ஒரு வேளை முழுச்சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சம். 14 வயதுக்கு மேல் அன்றைக்கும் தவக்கால வெள்ளிகளிலும் கறி கிடையாது. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஒருசந்தி இருக்க வேண்டாம். கறி எடுக்காத காசைத் தனியாக எடுத்துவையுங்கள், செலவு கணக்கில் கரைந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் 14 நிலையும் நடந்து பாருங்கள். பிள்ளைகளோடு ஒரு நாள் இடைக்காட்டூருக்குப் போய்வரலாம், 1894இல் கட்டிய திருஇருதய ஆண்டவர் கோவில், மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

அந்தத் தனியாக எடுத்துவைத்த காசை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்தது, நம் பங்குகளிலும் அமைதியாக வேலை செய்கிறார்கள். காசை அவர்களிடம் கொடுப்பதோடு நிற்காமல், 'நானும் ஒரு வீட்டுக்கு வரலாமா?' என்று கேளுங்கள். கூட்டிப் போவார்கள், பெரும்பாலும் தனியாக இருக்கும் ஒரு வயதானவர் வீடாக இருக்கும். வீட்டிலிருப்பது ஒரே ஒரு நாற்காலியாக இருக்கும், அதை உங்களுக்கு இழுத்துப் போடுவார், முந்தானையால் துடைத்தும் வைப்பார். அவரை அதில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் தரையில் உட்காருங்கள். அரிசி எவ்வளவு இருக்கிறது, மாத்திரை இருக்கிறதா என்றெல்லாம் போனதும் விசாரிக்க வேண்டாம், அவர் பேசட்டும். டீ போடுகிறேன் என்று எழுந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.